என்விடிஏ: தமிழ்த்துறை ஆய்வாளருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

நான் முழுப் பார்வையற்றவன். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். இளங்கலையில் சேர்ந்த காலத்திலிருந்து என் கணினியில் ஓடும் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், என்விடிஏதான். இணையத்தில் இதைப் பற்றி வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் மட்டும் படிப்பவர்கள் எழுதியவை. தமிழில் படித்து, தமிழில் எழுதி, தமிழில் தேர்வும் எழுத வேண்டிய ஒருவருக்கு இது எந்த அளவுக்கு உதவும் என்று சொல்ல ஆள் இல்லை. இந்த ஆண்டு கல்லூரிக்குள் வரும் பார்வையற்ற தம்பி தங்கைகளுக்காகவும், அவர்களுக்குப் பாடம் எடுக்கப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் விலை. ஒரு பைசா கிடையாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கி, அப்புறம் ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்த மென்பொருள் இது. இருவருமே பார்வையற்றவர்கள். அன்றைக்கு இருந்த ஸ்கிரீன் ரீடர்களின் விலை, கூலி வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விலை. இதன் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. மனமிருந்தால் நன்கொடை தரலாம். பணம் இல்லாத காரணத்தால் யாரும் இதை விட்டு விலகி நிற்க வேண்டியதில்லை என்பதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆனால் பென் டிரைவில் போட்டு எடுத்துப்போகலாம். 'டூல்ஸ்' மெனுவில் போர்ட்டபிள் காப்பி உருவாக்கும் வசதி இருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தில் யாருக்கோ வாங்கிப்போட்ட கணினி முன் உட்கார்ந்து, பென் டிரைவைச் செருகி, அங்கேயே பேச வைத்துவிடலாம். அட்மின் பாஸ்வேர்டு கேட்டு யார் பின்னாலும் அலைய வேண்டாம்.

குரலுக்கு வருவோம். உடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும். முதல் தடவை கேட்பவர்களுக்கு அது தகரத்தைத் தட்டுவதுபோல இருக்கும். என் அம்மா கேட்டுவிட்டு, "இதையா நாள் முழுக்கக் கேட்குற?" என்றார். ஆனால் வேகத்தைக் கூட்டும்போதும் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெளிவாக விழுவது இந்தக் குரலில்தான். உரைநூல்களை வேகமாக ஓட்டிப் பார்க்க எனக்கு இதுவே போதும். நிதானமாகப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் விண்டோஸோடு வரும் 'வள்ளுவர்' குரலுக்கு மாறிக்கொள்வேன். மனிதக் குரலுக்கு நெருக்கமாக இருக்கும். இரண்டையும் பழகி வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் மாணவர்களுக்கு ஒரு சிக்கலைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றாகவே விழும். ர, ற-வும் வேகத்தில் அப்படித்தான். காதால் மட்டுமே படித்து வளர்ந்தால் ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும் நம்மோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ்த்துறையில் அதற்கு மன்னிப்பே கிடையாது. இதற்கு மருந்து விரலால் தடவிப் படிக்கும் பிரெயில்தான். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் ந-வுக்கும் ன-வுக்கும் தனித்தனி புள்ளிகள். திரையில் இருப்பதைப் பிரெயில் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் டிஸ்ப்ளே கருவியை இணைத்தால், என்விடிஏ பேசுவதை விரலாலும் படிக்கலாம். ஆர்பிட் ரீடர் மாதிரி விலை குறைந்த கருவிகளோடும் அது வேலை செய்கிறது. துறைக்கு ஒரு கருவி வாங்கி வைத்தாலும் போதும், நாங்கள் முறை வைத்துப் பயன்படுத்திக்கொள்வோம்.

சரி, படிப்பதில் என்விடிஏ எப்படி? சரியாகத் தயாரித்த வேர்டு கோப்பைக் கொடுங்கள், அதன் அருமை தெரியும். கோப்பைப் படித்தபடி நகர்வதற்கான பிரவுஸ் மோடில் எச் விசையைத் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவும். என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்செர்ட்) எஃப்7 அழுத்தினால் எல்லாத் தலைப்புகளும் பட்டியலாக வரும். கண்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்தால் மதிப்பெண் பட்டியலில் கட்டம் கட்டமாக நகரலாம். முன்னூறு பக்க ஆய்வேட்டில் மூன்றாம் இயலுக்குப் போக எனக்கு ஒரு நொடிதான். ஆனால் இதெல்லாம் தட்டச்சு செய்தவர் 'ஹெடிங்' ஸ்டைலைப் பயன்படுத்தியிருந்தால்தான். எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் வைத்தால் கண்ணுக்கு அது தலைப்பு. என்விடிஏவுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான்.

என் வாழ்க்கையில் அதிக நேரத்தைத் தின்றது பாமினி. துறையிலிருந்து வரும் பாடக்குறிப்புகளில் பல இன்றும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வருகின்றன. திரையில் பார்ப்பவருக்கு அழகான தமிழ். அடியில் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்திருந்தால், எழுத்தெழுத்தாக நகரும்போது என்விடிஏ எனக்குச் சொல்வது: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். குறுந்தொகைப் பாட்டு ஒன்று முழுவதும் இப்படி வந்தால் என்ன செய்வது? என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவற்றில் போட்டு எல்லாக் கணினியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் யுனிகோடுக்கு மாற்றலாம். அதற்கு எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டும். பிடிஎஃப் ஆக்கிவிட்டார்கள் என்றால் அதிலும் பாதி உடைந்து வரும். இதில் என்விடிஏவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கொடுத்ததை அது ஒழுங்காகத்தான் படிக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யுனிகோடை ஏற்று அரசாணை போட்டுவிட்டது. அதற்கு அப்புறம் சேர்ந்த ஊழியர்களும் பாமினியில் அடிக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றுதான் அர்த்தம். தமிழ்99 விசைப்பலகையை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். நான் கண்ணால் பார்க்காமலே பழகினேன்.

பாமினிக்கு அடுத்த தொல்லை ஸ்கேன் செய்த சுற்றறிக்கை. கையெழுத்தும் முத்திரையும் போட்டு, ஸ்கேன் எடுத்து, பிடிஎஃப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். என்விடிஏ திறந்து பார்த்துவிட்டு, வெற்று என்று சொல்லும். உதவித்தொகைக்குக் கடைசி நாள் அந்தப் படத்துக்குள் இருக்கும். என்விடிஏவில் என்விடிஏ விசையும் ஆரும் சேர்த்து அழுத்தினால் படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் விண்டோஸின் எழுத்துணரி வேலை செய்யும். ஆங்கிலத்துக்கு நன்றாகவே வரும். தமிழுக்கு உதவாது. தமிழ்ப் பக்கங்களை கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறக்கிறேன். ஓரளவு தேறும். பழைய அச்சுப் புத்தகமாக இருந்தால் துணைக்காலும் ர-வும் இடம் மாறிக் கிடக்கும். சங்கப் பாடலில் அப்படி ஓர் எழுத்து மாறினால் பொருளே போய்விடும். மூலபாடத்துக்கு நான் நம்பியிருப்பது மதுரைத் திட்டம். 1998-லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த அந்த மின்னூல்கள் இல்லையென்றால் என் ஆய்வு இல்லை.

நூலகத்தில் புத்தகத்தை ஸ்கேன் செய்து தரச் சொன்னால், "தம்பி, காப்பிரைட் பிரச்சினை வரும்ப்பா" என்று தயங்குகிறார்கள். அந்த அண்ணனுக்கு நல்ல மனசுதான், பயம்தான் தடுக்கிறது. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, மாற்றுத்திறனாளி படிப்பதற்காக ஒரு நூலை அவர் அணுகக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பார்வையற்றோருக்காக நூல்களை அணுகக்கூடிய வடிவில் ஆக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் 2014-ல் ஏற்ற நாடு இந்தியா. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் எங்களுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடம் தருகிறது. மின்னணு வடிவில் இருப்பவை நாங்கள் அணுகும்படி இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இடம் கொடுத்துவிட்டு, படிக்க முடியாத பாடக்குறிப்பைக் கையில் கொடுத்தால் அந்த இடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

தேர்வைப் பொறுத்தவரை, மத்திய அரசு வழிகாட்டுதல் கணினியில் விடை எழுத இடம் தருகிறது. மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. நாம் சொல்லச் சொல்லத் தேர்வில் எழுதுபவருக்குச் சந்தி தெரியாவிட்டால் மதிப்பெண் போவது நமக்கு. என்விடிஏ வைத்து நானே தட்டச்சு செய்து எழுதிய தேர்வில் என் தமிழ் என் தமிழாகவே இருந்தது. அந்த நிம்மதியை ஒவ்வொரு பார்வையற்ற மாணவரும் ஒரு தடவையாவது அனுபவிக்க வேண்டும். எழுதுபவர் வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். முடிவு மாணவருடையதாக இருக்க வேண்டும்.

பணியில் இருக்கும் பார்வையற்ற பேராசிரியர்களுக்கும் இதே கதைதான். வருகைப்பதிவு, சம்பளச் சீட்டு, மதிப்பெண் பதிவு எல்லாம் இணையதளத்தில். படத்தில் வளைந்து நெளிந்த எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்ச்சா ஒன்று முன்னால் நிற்கும், ஒலி வழி மாற்று இருக்காது. பட்டன்களுக்குப் பெயர் வைக்காமல் விட்டால் என்விடிஏ 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும். கருத்தரங்குக்கு வெளியூரிலிருந்து வருபவருக்கு வளாக வரைபடம் படமாக மட்டும் இருந்தால், பேருந்து நிறுத்தத்திலிருந்து அரங்குக்கு எப்படி வருவது என்று பக்கத்தில் நாலு வரி எழுதினால் போதும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் எந்தப் பார்வையற்றவருக்கும் என்விடிஏவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 2025-ல் வந்த பதிப்பிலிருந்து இன்னொருவர் கணினியைத் தூரத்திலிருந்தே இயக்கும் ரிமோட் அக்சஸ் வசதி உள்ளேயே இருக்கிறது. ஊரில் இருக்கும் தங்கையின் கணினியில் சிக்கல் என்றால், விடுதியில் இருந்தபடியே சரிசெய்துவிடலாம். துறைத் தலைவரிடம் முதல் வாரமே போய், பாடக்குறிப்புகளை யுனிகோடு வேர்டு கோப்பாகத் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். நிறுவுவதற்குப் பார்வையுள்ளவர் துணை தேவையில்லை. விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நரேட்டர் பேசத் தொடங்கும். அதை வைத்து, என்விடிஏவை வெளியிடும் என்வி அக்சஸ் தளத்திலிருந்து தரவிறக்குங்கள். நிறுவி முடித்ததும் கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் அழுத்துங்கள், என்விடிஏ பேசத் தொடங்கும்.