'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது': ஃபைபர் இணைப்போடு மூன்று வருஷம்

கேபிள் டிவியை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்பு (கண்ணாடி இழை வழியே டிவியும் நெட்டும் வருவது) போடலாமா என்று மயிலாடுதுறை நண்பர் கேட்டிருந்தார். அவர் கேட்ட நேரத்தில் கும்பகோணத்தில் எங்கள் தெரு லைனே அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டோடு எழுதினால் நியாயமாக இருக்காது என்று, லைன் சரியாகும்வரை பொறுத்திருந்தேன். இப்போது லைன் வந்துவிட்டது. கோபம் பெரிதாகக் குறையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே ஓடும். நான் சொல்ல வந்த குறையை வேறு நிறுவனங்களின் இணைப்பு வைத்திருக்கும் உறவினர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கான நெட் திட்டம். ராத்திரி எட்டரை மணிக்குத் தெருவே இணையத்தில் இருக்கும்போதும் வேகம் குறைவதில்லை. மாடியில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, கூடத்தில் அம்மாவுக்கு சீரியல், எனக்கு அலுவலக வீடியோ கால் என்று மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். எதுவும் சுற்றிக்கொண்டு நிற்காது. மாத வரம்பு 3300 ஜிபி. எங்கள் வீட்டில் யாரும் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்ததால் கரன்ட் போனாலும் நெட் நிற்பதில்லை. வேகம், விலை இரண்டையும் மட்டும் பார்த்து மார்க் போட்டால் நல்ல மார்க்தான் வரும்.

கேபிளோடு ஒப்பிட்டாலும் கணக்கு ஃபைபர் பக்கம்தான். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்ததை எங்கள் தெருவில் இன்னமும் பேசுவார்கள். 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தபோது, கட்டணச் சேனல் ஒன்றுகூட எடுக்காவிட்டாலும் நெட்வொர்க் கட்டணமே 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு என்றானது. அதற்குமேல் ஒவ்வொரு சேனலுக்கும் தனி விலை. அதோடு நெட்டுக்குத் தனியாகவும் கட்டிக்கொண்டிருந்தோம். டிவி, நெட், லேண்ட்லைன் மூன்றும் ஒரே பில்லில் வருகிறது என்றதும் அம்மாவே சரி என்றார்.

திட்டத்தோடு வரும் ஓடிடி ஆப்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அவற்றை நம்பி யாரும் இணைப்பு எடுக்க வேண்டாம், அவ்வளவுதான். ஹாட்ஸ்டாரில் பார்த்த எச்பிஓ தொடர்கள் 2023-ல் ஜியோ சினிமாவுக்குப் போயின. 2025 பிப்ரவரியில் அந்த இரண்டு ஆப்களும் ஒன்றாகிவிட்டன. அதே வருஷம் ஜூனில் பிரைம் வீடியோவிலும் விளம்பரம் வந்தது. விளம்பரம் வேண்டாமென்றால் மாதம் 129 ரூபாய் கூடுதல். முழுச் சந்தா கட்டிய ஆளிடம் விளம்பரத்தை நிறுத்த இன்னொரு காசு கேட்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. ஆனால் அது எரிச்சல்தான். ஆப்பை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போகிற நாட்கள். அகலத்திலும் உயரத்திலும் பாரத்தை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எங்கள் தெருவுக்குள் வந்தது. மின்கம்பத்துக்கு மின்கம்பம் தாழத் தொங்கிய ஃபைபர் கேபிளை இழுத்துக்கொண்டே போய்விட்டது. லாரிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். தலைக்கு எட்டுகிற உயரத்தில் கேபிளைத் தொங்கவிட்டவர்கள் அதை இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். மோடத்தில் சிவப்பு லைட் கண்சிமிட்ட ஆரம்பித்தது. டிவி, நெட், போன் எல்லாம் அந்த ஒரே இழையில் வருவதால் எல்லாமே ஒன்றாகப் போய்விட்டது. கேபிள் தனியாக இருந்த காலத்தில் நெட் போனாலும் அம்மாவுக்கு சீரியல் ஓடும். புதிதாக மாறுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

மொபைல் டேட்டாவைப் போட்டு ஆப்பில் புகார் கொடுத்தேன். எண் வந்தது. சாயங்காலம் எஸ்எம்எஸ் வந்தது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்களோடு இணைந்திருப்பதற்கு நன்றி.' சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. கேபிள் தெருவில் கிடந்தது. தெருவுக்கு ஒருவரும் வரவில்லை. கஸ்டமர் கேருக்குப் போட்டால், "சார், சிஸ்டத்துல ரிசால்வ்டுன்னு காட்டுதே, மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்கிறார்கள். கேபிளே அறுந்து கிடக்கிறது என்று சொன்னால், "அப்ப புதுசா ஒரு கம்ப்ளைன்ட் போட்டுடறேன் சார்." புது எண் வரும். மறுநாள் அதையும் மூடிவிடுவார்கள். அதே எஸ்எம்எஸ், அதே நன்றி. இந்தத் தடவை மட்டும் நடந்ததில்லை. மூன்று வருஷத்தில் லைன் போன ஒவ்வொரு தடவையும் இதுதான் நடந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், அந்த எண் நம்முடைய உரிமைச் சீட்டு. பிராட்பேண்ட் பழுதை மூன்று நாளுக்கு மேல் சரிசெய்யாமல் விட்டால், எத்தனை நாள் ஆனதோ அதற்கேற்ப வாடகையில் கழிக்க வேண்டும் என்று டிராயின் சேவைத்தர விதிகள் சொல்கின்றன. நாள் கணக்கு ஆரம்பிப்பது புகார் பதிவான நேரத்திலிருந்து. நடுவில் மூடி, புது எண் கொடுத்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். வாரக் கணக்கில் லைன் இல்லாத வீடு, ஏட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு பழுது வந்து அன்றே சரியான வீடாகிவிடும். சந்தாதாரரின் காசும் போகிறது, அந்த நிறுவனத்தின் சேவை எப்படி என்று வெளியில் தெரியவேண்டிய கணக்கும் பொய்யாகிறது. லைன் அறுவது யாருக்கும் வரும். அறுந்ததை அறுபடவே இல்லை என்று எழுதிவைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு வாரம் தாண்டியபிறகு அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஒரு தம்பி வந்தார். அவரைப் பற்றி நாலு வரி எழுதாவிட்டால் இந்தப் பதிவு அநியாயமாகிவிடும். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை வாங்கி நடுத்தெருவில் போட்டு, காற்றில் தூசி விழாமலிருக்க ஒரு குடையைப் பிடிக்கச் சொன்னார். கறுப்பு உறையைச் சீவினார். உள்ளே நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நூல் நூலாக இழைகள். நீலத்தோடு நீலம், ஆரஞ்சோடு ஆரஞ்சு. மேல்பூச்சை உருவியதும் தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை நிற்கிறது. ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவில் அதைத் துடைத்து, முனையை நேராக வெட்டி, மெஷினுக்குள் வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டு முனைகளும் பெரிதாகத் தெரிந்து, தாமாகவே நேர்கோட்டுக்கு வந்து நின்றன. ஒரு பொறி. ஒட்டிய இடம் எதுவென்றே தெரியவில்லை. அதன்மேல் ஸ்லீவை, அதாவது காப்புக் குழாயை, நகர்த்திச் சூடுகாட்டி எடுத்தார்.

வீட்டுக்குள் வந்து, லைனில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரைப் போட்டார்; மைனஸ் எண் கூடக்கூட ஒளி குறைவு என்று அர்த்தம். மைனஸ் 24. "இது போதும்ண்ணே, மைனஸ் 27 வரைக்கும் தாங்கும்" என்றவர், போகாமல் கம்பத்துக்குத் திரும்பிப்போய் பெட்டியில் ஒரு கனெக்டரை மாற்றிவிட்டு வந்தார். மைனஸ் 20. "மழைக்கு முன்னாடி பார்த்துடணும், இல்லேன்னா அடுத்த மாசம் என்னைத்தானே கூப்பிடுவீங்க." வெயிலில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

புகார் மூடப்படுவதைப் பற்றி அவரிடமே கேட்டேன். "நேரம் தாண்டினா எங்க காசுலதான் பிடிப்பாங்கண்ணே. மெஷின் இந்தப் பக்கத்துக்கே ஒண்ணுதான் இருக்கு. அதான் முதல்ல க்ளோஸ் பண்ணச் சொல்லிடுவாங்க, அப்புறம் வேலையைப் பார்ப்போம்." ஆக, மெஷினும் ஆளும் போதுமான அளவு கொடுக்காமல், தாமதத்துக்கான தண்டனையை மட்டும் கம்பத்தில் ஏறுகிறவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவர் பொய் எழுதாவிட்டால் அவர் வீட்டில் அந்த மாதம் காசு குறையும்.

நான் அப்பீல் போட்டேன். இது பலருக்குத் தெரியாது. டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. ஆனால் அது 2012-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு மேல்முறையீட்டு அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அப்பீலுக்குக் கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அங்கும் சரியாகாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. மூடிய புகார் எண்கள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, கேபிள் தெருவில் கிடந்த போட்டோவும் சேர்த்து அனுப்பினேன். எஸ்எம்எஸ் எதையும் அழிக்காமல் வைத்திருந்ததுதான் உதவியது.

அதற்கப்புறம் மரியாதையாகப் பேசினார்கள். அடுத்த பில்லில் பணத்தையும் கழித்தார்கள். ஆனால் மெயிலில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? 'நல்லெண்ண அடிப்படையில் வழங்கப்படும் சலுகை.' விதிப்படி எனக்கு வரவேண்டிய காசு அது. அவர்கள் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற இனாமாக அதை எழுதியிருக்கிறார்கள். இன்னொரு தடவை ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிட்டேன், பதில் இல்லை.

எனவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். வேகம் நன்றாக இருக்கிறது, விலை கட்டுபடியாகிறது, அந்தத் தம்பியைப் போல வேலை தெரிந்த ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாம் உண்மை. ஆனாலும் இன்றைக்கு என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் ஆண்டுத் திட்டம் முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. முடிந்ததும் அந்தத் தம்பிக்குப் போன் போட்டு, அப்போது அவர் எந்த நிறுவனத்துக்கு லைன் பார்க்கிறாரோ அதற்கு மாறிக்கொள்வதாக இருக்கிறேன். மயிலாடுதுறையில் அப்படி ஒரு ஆள் உங்கள் தெருவுக்கு இருந்தால், முதலில் அவர் நம்பரை வாங்கிக்கொண்டு பிறகு இணைப்பு எடுங்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு என்பார்கள். கட்ட வேண்டாம். மாதாமாதம் கட்டுங்கள். உங்கள் வீட்டில் சீரியல் பார்க்கிறவர்களுக்குப் பழைய கேபிளும் அப்படியே இருக்கட்டும்.