அடுக்குமாடி வீட்டுக்கு எந்த டிரையர்: குழாய் வைத்ததா, குழாய் இல்லாததா?

துணி காயவைக்கும் பழைய டிரையர் உயிரை விட்டதும் வீட்டில் இரண்டு கட்சி ஆனோம். ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகையையே மறுபடி வாங்கலாம் என்றது ஒரு கட்சி. ஈரத்தை உள்ளேயே தண்ணீராக்கிப் பிடித்துக்கொண்டு அதே காற்றை மறுபடி சூடாக்குவதால் குழாயே தேவைப்படாத ஹீட் பம்ப் வகைக்கு மாறலாம் என்றேன் நான்.

குழாய் வகை சீக்கிரம் காயவைக்கும், விலையும் குறைவு. ஹீட் பம்ப் மெதுவானது. ஆனால் மின்சாரம் ஏறக்குறைய பாதிதான் ஆகும். இதிலெல்லாம் சண்டையில்லை.

சண்டை பஞ்சுத்தூசியில்தான். ஃபில்டர் எவ்வளவு பிடித்தாலும் மிச்சம் குழாயில் போய் ஒட்டும். பழைய டிரையரை நகர்த்தியபோது பின்னால் மடங்கிக் கிடந்த ஃபாயில் குழாயைப் பிரித்தேன். சாம்பல் நிறப் பஞ்சு கம்பளித் துண்டு மாதிரி உரிந்து வந்தது. அது கைக்கு எட்டிய பகுதி. சுவருக்குள் ஏறும் மீதியை யார் சுத்தம் செய்வது? குடியிருப்போர் சங்கம் என்னைக் கைகாட்டியது, நான் சங்கத்தைக் கைகாட்டினேன். அடைப்பு கூடினால் காற்றோட்டம் குறையும், சூடு உள்ளேயே தங்கும், பஞ்சு பற்றிக்கொள்ளும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2008–2010 கணக்கில், வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ. அதில் 34 சதவீதத்துக்குக் காரணம் சுத்தம் செய்யாததுதான்.

குழாய் வகைதான் வேண்டுமென்றால் 4 அங்குல உலோகக் குழாய் போடுங்கள். உள்ளே நீட்டும் திருகும் வெளிவாயில் வலையும் கூடாது, இரண்டிலும் பஞ்சு சிக்கும். வளைவுகளைக் குறையுங்கள்: அமெரிக்க வீட்டுக் கட்டட மாதிரி விதிகளில் குழாயின் மொத்த நீளம் அதிகபட்சம் 35 அடி, அதில் ஒவ்வொரு சாதாரண 90 டிகிரி வளைவுக்கும் 5 அடி கழியும். ஒரு சுற்றில் காய்ந்த துணி இரண்டு சுற்று கேட்டால் குழாய் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காஸ் டிரையருக்கு இந்தத் தேர்வே கிடையாது, கார்பன் மோனாக்சைடு வெளியேறக் குழாய் வேண்டும்.

ஹீட் பம்பிலும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஃபில்டரைத் துடைக்கணும், தண்ணீர்த் தொட்டியைக் கொட்டணும். உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளிலும் பஞ்சு படியும். ஆனால் எல்லாமே என் கைக்கு எட்டுகிற இடம். கடைசியில் ஹீட் பம்பைத்தான் வாங்கினோம், வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. கம்ப்ரசர் எத்தனை காலம் வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் எந்த டிரையரிலும் போடாதீர்கள், துவைத்த பிறகும் தானே சூடேறிப் பற்றக்கூடும்.

சுவரில் இருந்த பழைய ஓட்டையை உலோக மூடி போட்டு அடைத்தாயிற்று. கீழ்வீட்டுக்காரர் டிரையர் போட்டால், மூடிக்குப் பின்னால் இன்னும் காற்று இரைகிறது.