திருவிழா மலரின் ஆங்கிலப் பக்கத்துக்கு எந்த எழுத்துரு: டைம்ஸா, பாஸ்கர்வில்லா, கேரமாண்டா?

பாலக்காட்டின் கிழக்கோரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களில் அச்சாகும் பள்ளி ஆண்டு மலரும் கோயில் திருவிழா மலரும் பெரும்பாலும் மூன்று மொழிகளைச் சுமப்பவை. கட்டுரைகள் தமிழிலும், வாழ்த்துரைகள் மலையாளத்திலும், அறிவியல் குறிப்புகளும் முகவரிகளும் ஆங்கிலத்திலும் வரும். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பார்த்துப் பார்த்து எழுத்துரு தேர்ந்தெடுப்பவர்கள்கூட, ஆங்கிலத்துக்குக் கணினியில் முதலில் கண்ணில் படுவதை வைத்துவிடுகிறார்கள். பக்கம் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெரிவதற்கு இந்த அசட்டையே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். ஆகவே, செரிஃப் எனப்படும் முனைக்கோடுகள் கொண்ட மரபான எழுத்துருக்கள் மூன்றைத் தமிழுக்குப் பக்கத்தில் நிறுத்தியே எடைபோட வேண்டும்.

டைம்ஸ் நியூ ரோமன், இலண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழுக்காக உருவானது. ஸ்டான்லி மாரிசன் வழிநடத்த, விக்டர் லார்டென்ட் வரைந்த இந்த எழுத்தில் அவ்விதழ் 1932 அக்டோபர் 3 அன்று முதன்முதலாக வெளிவந்தது. நாளிதழின் குறுகிய பத்தியில் (column) நிறையச் சொற்களை அடக்க வேண்டும் என்பதால், எழுத்துகள் அகலத்தில் ஒடுங்கியும் சிற்றெழுத்துகள் உயரத்தில் ஓங்கியும் அமைந்தன. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பேதம் இல்லை. க, ப, ம எல்லாம் நன்றாக ஓங்கி நிற்பவை. எனவே, தமிழ் வரிக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொல் அமுங்கிப்போகாமல் இருக்க டைம்ஸின் உயரம் துணைசெய்கிறது. ஆனால் அதன் ஒடுக்கம், அகன்று விரியும் தமிழ் எழுத்துக்கு அருகில் நெரிசலாகத் தெரியும். ஒற்றைப் பத்தியாக முழுப்பக்கம் ஓடும் கட்டுரையில் கண் அடுத்த வரியைப் பிடிக்கத் தடுமாறும். இன்னொரு நடைமுறை வசதியையும் சொல்ல வேண்டும். கேரளப் பள்ளிகளில் நெடுங்காலமாகக் கட்டற்ற மென்பொருளே புழங்குகிறது. அங்கே டைம்ஸ் இல்லாவிட்டாலும், அதே அகல அளவுகளோடு செய்யப்பட்ட லிபரேஷன் செரிஃப் இருப்பதால், கோப்பு கைமாறும்போது வரிகள் அநேகமாக இடம் மாறுவதில்லை.

பாஸ்கர்வில்லின் அழகை மறுக்க முடியாது. பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் 1757இல் வெளியிட்ட, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூல் பதிப்பில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வேறுபாடு அத்தனை துலக்கமாக விழுந்ததற்கு, எழுத்து மட்டும் காரணமன்று. மையை அவரே அடர்த்தியாகத் தயாரித்தார், அச்சான தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு இடையே அழுத்தி வழவழப்பாக்கினார். நம் மலர்களோ மேல்பூச்சில்லாத 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாளில் அச்சாகின்றன. வாழ்த்துப் பக்கங்கள் பிறகு ஜெராக்ஸாகவும் சுற்றுகின்றன. மெல்லிய கோடுகள் அங்கங்கே அறுந்துபோகும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே பாஸ்கர்வில் திரையில் படிப்பதற்கென வேறுபாடு குறைத்து, அகலமாக்கி வரையப்பட்டது. அது அறுந்துபோகாது, ஆனால் தாளில் இடத்தை வாரிக்கொள்ளும்.

கேரமாண்ட் என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கிளோட் கேரமாண்ட் வெட்டிய எழுத்து என்று நம்பப்பட்டவற்றில் பல, 17ஆம் நூற்றாண்டின் ஜான் ஜன்னோன் வெட்டியவை என்று அச்செழுத்து ஆய்வாளர் பியாட்ரிஸ் வார்ட் 1926இல் எடுத்துக்காட்டினார். கேயார்க் டஃப்னர் தொடங்கிய ஈபி கேரமாண்ட் என்னும் இலவச எழுத்துரு அந்தக் குழப்பத்தைத் தவிர்த்து, கேரமாண்டின் எழுத்துகளைக் காட்டும் 1592ஆம் ஆண்டின் அச்செழுத்து மாதிரித் தாளையே அடிப்படையாகக் கொண்டது. சாய்வெழுத்துக்கு, அதே நூற்றாண்டில் எழுத்து வெட்டிய ரோபேர் கிரான்ஜோனின் வடிவங்களைப் பின்பற்றுகிறது. கேரமாண்ட் 1561இல் மறைந்தார். அதற்கு 17 ஆண்டுகள் கழித்து, 1578இல், இதே கேரளத்தின் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தின் கைவேலை என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதுவன்று. கேரமாண்டின் தடிப்பு, அகன்ற முனைகொண்ட பேனாவை இழுத்தாற்போல மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது; நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற, தடிப்பும் மென்மையும் மிதமாகக் கலந்த எழுத்துக்கு அருகில் அது கறுப்பாகத் துருத்துவதுமில்லை, வெளிறுவதுமில்லை.

குறையும் உண்டு. சிற்றெழுத்து குள்ளமானது, டைம்ஸில் 11 பாயின்ட் தரும் தோற்றத்துக்கு இதில் 12 பாயின்ட் வேண்டும். 'e' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தின் கண் (மூடிய உள்வெளி) மிகச் சிறியது. அடிக்குறிப்பில் மை நிரம்பி அடைபடும்.

இடம் சிக்கனம் என்ற வாதத்தை டைம்ஸுக்கு ஆதரவாகச் சொல்வார்கள். மும்மொழி மலரில் அந்தச் சிக்கனம் கைக்கு வருவதில்லை. 1971இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்துகளைப் பேணும் ரசனா எழுத்துருவை மலையாளத்துக்கு வைத்தால், எழுத்தின் கீழ் எழுத்து அடுக்கப்படுவதால் வரி இடைவெளி தாராளமாக வேண்டும். பக்க எண்ணிக்கையையோ தமிழின் அகலமே தீர்மானிக்கிறது. ஆங்கிலம் சிறு பங்கு. அதில் ஒடுக்கி மிச்சம் பிடிப்பது சொற்பம்.

ஆகவே, பல ஆண்டுகள் வீட்டில் வைத்துப் படிக்கப்படும் மலருக்கு ஈபி கேரமாண்டையும், இரண்டு பத்திகளில் அச்சாகும் நோட்டீசுக்கும் நிகழ்ச்சி நிரலுக்கும் டைம்ஸையும் நான் தேர்வேன். மலரில் தமிழ் 10 பாயின்ட், கேரமாண்ட் 12 பாயின்ட், வரி இடைவெளி 16 பாயின்ட் என்று தொடங்கலாம். ஆங்கில நூல்பெயர்களைச் சாய்வெழுத்தில் இடலாம். தமிழ் நூல்பெயர்களை மென்பொருள் கொண்டு சாய்க்காமல் மேற்கோள்குறிக்குள் இட வேண்டும். அடிக்குறிப்பு 9 பாயின்ட்டுக்குக் கீழே இறங்கினால், அந்த ஓரிடத்தில் மட்டும் டைம்ஸுக்கு மாறிக்கொள்வதில் தவறில்லை.