டிடிஎச் பெட்டிக்கு எந்த ரிமோட்: அசலா, ஒத்ததா, யுனிவர்சலா?

கடந்த ஆவணியில் திருவாரூர் மாவட்டத்தில் உள்ள பெற்றோர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, டிடிஎச் பெட்டியின் ரிமோட்டை மாற்றியே ஆக வேண்டும் என்பது கண்ணில் பட்டது. ஒலி கூட்டும் பொத்தானின் ரப்பர் நடுவில் கிழிந்திருந்தது. அப்பா அதைப் பேனா மூடியால் அழுத்திக்கொண்டிருந்தார். செல் மூடி எப்போதோ தொலைந்துவிட்டதால், செல்கள் விழாமல் இருக்க ரப்பர் பேண்டு சுற்றப்பட்டிருந்தது. அன்று தொடங்கித் தை வரை மூன்று வகை ரிமோட்டுகளை அந்த வீட்டில் வைத்துப் பார்த்தேன்: கடைகளில் அதே வடிவில் விற்கப்படும் ஒத்த ரிமோட், எந்த ரிமோட்டையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும் யுனிவர்சல் ரிமோட், பெட்டி நிறுவனமே தரும் அசல் ரிமோட். இப்போது அங்கே இருப்பது அசல் ரிமோட்தான். வாய்ப்பிருந்தால் அதையே வாங்குங்கள் என்று எவருக்கும் சொல்வேன்.

அந்த வீட்டின் தேவை எளிமையானது. 32 அங்குல எல்இடி டிவி ஒன்று. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களால் அதனுடன் இணைந்த பழைய எஸ்டி (சாதாரணத் தெளிவுப் படம் தரும்) பெட்டி ஒன்று. டிவிக்கு ஒரு ரிமோட், சேனல் மாற்ற இன்னொரு ரிமோட் என்று இரண்டு கையில் இருந்தால், 74 வயதான அப்பா டிவி ரிமோட்டின் சோர்ஸ் பொத்தானைத் தெரியாமல் தட்டிவிடுவார். திரையில் 'நோ சிக்னல்' என்று வரும். மாடியில் இருக்கும் டிஷ் திரும்பிவிட்டது என்று எண்ணி மெக்கானிக்கை அழைப்பார். அவர் வந்து ஒரே அழுத்தில், பெட்டி இணைந்திருக்கும் ஏவி உள்ளீட்டுக்கு மாற்றிவிட்டு 200 ரூபாய் வாங்கிச் செல்வார். இது இரண்டு முறை நடந்துவிட்டது. ஆகவே டிவியின் பவர், ஒலி கூட்டல், ஒலி குறைத்தல், ஏவி ஆகிய நான்கு பொத்தான்களும் பெட்டியின் ரிமோட்டிலேயே வேலை செய்ய வேண்டும், டிவி ரிமோட் அலமாரிக்குள் போய்விட வேண்டும் என்பதுதான் என் நிபந்தனை.

புதியது வாங்கும் முன், கோளாறு ரிமோட்டில்தானா என்று பார்த்துவிடுவது நல்லது. கைபேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையில் உள்ள சிறு பல்பை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிர் ஊதா நிறத்தில் மின்னும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால், முன்பக்கமே நம்பகமானது. எல்லாப் பொத்தான்களுக்கும் மின்னினால் ரிமோட் பெரும்பாலும் நலமாக இருக்கிறது. பெட்டியின் கண்ணை மறைக்கும் தூசியையோ அதன்மேல் நேராக விழும் வெயிலையோ சந்தேகிக்க வேண்டும். எதற்குமே மின்னவில்லை என்றால் செல்லும் அதன் ஸ்பிரிங்கும் முதல் சந்தேகம். செல் புதிதாக இருந்தும், கீழே விழுந்த நாள் முதல் வேலை செய்யவில்லை என்றால், உள்ளே சீரான அதிர்வைத் தரும் கிரிஸ்டல் என்ற சிறு பாகம் விரிசல் விட்டிருக்கலாம். பழைய ரிமோட்டுகள் பலவற்றில் அந்த இடத்தில் இருப்பது 455 கிலோஹெர்ட்ஸ் ரெசனேட்டர். அந்த அதிர்வை 12-ஆல் வகுத்தே ரிமோட் ஒளியின் 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு பெறப்படுகிறது. ரிமோட் பழுது பார்க்கும் கடைகளில் இதைச் சில ரூபாய்க்கு மாற்றித் தருவார்கள். ஓரிரு பொத்தான்கள் மட்டும் இயங்கவில்லை என்றால், ரப்பரின் அடியில் உள்ள கரிப்பூச்சு தேய்ந்திருக்கும், அல்லது கை எண்ணெய் படிந்திருக்கும். எங்கள் ரிமோட்டைத் திறந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். மற்றவை மீண்டுவிட்டன, கிழிந்த ரப்பர் மட்டும் மீளவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழை நேரத்தில் பெட்டியே ஒரு பிழைச் செய்தியைத் திரையில் காட்டினால், அதற்கும் ரிமோட்டுக்கும் தொடர்பில்லை. நம் டிடிஎச் சேவைகள் பயன்படுத்தும் கு-அலைவரிசை கனமழையில் வலுவிழப்பது இயல்பு.

கைபேசியையே ரிமோட்டாகப் பயன்படுத்துவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சில ஷாவ்மி கைபேசிகளில் அகச்சிவப்பு பல்பு இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் நான் ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கைபேசியும் என்னோடு வந்துவிடும். எச்டிஎம்ஐ வழியாக ஒரு சாதனத்தின் ரிமோட்டால் மற்றதையும் இயக்கும் சிஇசி வசதி அருமையானது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க் என்று அதற்குப் பெயர். டிவியும் பெட்டியும் இரண்டுமே அதை ஆதரித்தால்தான் பயன். மூன்று நிற ஒயரில் ஓடும் பழைய பெட்டிக்கு அது உதவாது.

முதலில் வாங்கியது ஒத்த ரிமோட். பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த ஒரு கடையில் 120 ரூபாய்க்குக் கிடைத்தது. டாடா ப்ளே, சன் டைரக்ட், ஏர்டெல், டிஷ் டிவி என்று எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு மாடல் பெட்டிகளுக்கு வெவ்வேறு ரிமோட் இருப்பதுண்டு என்பதால், நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்கக் கூடாது. பழைய ரிமோட்டையும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணின் படத்தையும் கொண்டுபோக வேண்டும். வாங்கி வந்த ரிமோட் பெட்டியை உடனே இயக்கியது. டிவிக்கான நான்கு பொத்தான்களின் குறியீடுகளையும் டிவி ரிமோட்டிலிருந்து கற்றுக்கொண்டது. ஐந்து வாரம் வரை எந்தக் குறையும் இல்லை. பிறகு செல் தீர்ந்து அப்பா புதிய செல் போட்டார். சேனல் மாறியது, டிவி அணைய மறுத்தது. "டிவி பட்டன் எதுவுமே கேக்கலப்பா" என்று தொலைபேசியில் சொன்னார். கற்றுக்கொடுத்த நான்கையும் அது மறந்துவிட்டிருந்தது.

என் ஒப்பீட்டின் மையம் இதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெட்டிக்கான குறியீடுகள் ரிமோட்டின் சில்லில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டவை. அவை செல்லை எடுத்தாலும் போகாது. டிவிக்காக நாம் கற்றுக்கொடுப்பவை பின்னால் எழுதப்படுபவை. மின்சாரம் இல்லாமலும் நிலைக்கும் நினைவகத்தில் அவற்றை எழுதி வைக்கும் ரிமோட், செல் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தாலும் பாடத்தை மறக்காது. மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிலைக்கும் நினைவகம் கொண்ட மலிவான ரிமோட்டில், மின்சாரத்தைச் சற்றுத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் சில நிமிடம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்குள் புதிய செல் போட்டுவிட்டால் தப்பிக்கலாம். செல்லைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அடுத்த தெரு மளிகைக் கடைக்கு நடந்து போய்ப் புதியது வாங்கிவரும் வீட்டில் எந்தக் கெப்பாசிட்டரும் தாங்காது. வாங்கும்போது எல்லா ரிமோட்டும் ஒன்றுபோலவே இயங்குவதால், இந்த வேறுபாடு முதல் செல் மாற்றும் நாள் வரை வெளியே தெரிவதில்லை. அந்த நாளில் மறுபடியும் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் இருக்கிறாரா என்பதே கேள்வி. நான் இருப்பது சென்னையில்.

இதைக் கடையிலேயே சோதித்துவிட முடியும். கடைக்காரரிடம் ஏதாவது ஒரு டிவி ரிமோட்டை வாங்கி, புதிய ரிமோட்டின் ஒரு பொத்தானுக்கு மட்டும் கற்றுக்கொடுங்கள். பிறகு செல்களைக் கழற்றிவிட்டு, செல் இல்லாத நிலையிலேயே ஏதேனும் ஒரு பொத்தானைப் பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள். கெப்பாசிட்டரில் எஞ்சியிருக்கும் மின்சாரம் அதில் வடிந்துவிடும். பத்து நிமிடம் கழித்துச் செல்லைப் போட்டு, எதிரில் ஓடும் டிவியை அது இயக்குகிறதா என்று பாருங்கள். இதற்கு அனுமதிக்காத கடையில் நான் இனி வாங்க மாட்டேன்.

இரண்டாவதாக வந்தது 450 ரூபாய் யுனிவர்சல் ரிமோட். செல் மாற்றினாலும் பாடத்தை மறக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த வகையில் அது ஒத்த ரிமோட்டைவிட மேலானது. அதன் கையேட்டில் எங்கள் பெட்டிக்கான எண் இல்லாததால், பெட்டியின் பொத்தான்களையும் பழைய ரிமோட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மதியம் முழுவதும் அதிலேயே போயிற்று. மாலையில் அப்பா 155 என்று அழுத்தினார்; பெட்டி 15 என்று எடுத்துக்கொண்டது. இரண்டாவது 5 போய்ச் சேரவே இல்லை. பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஆர்சி-5, ஆர்சி-6 போன்ற முறைகளில், ஒவ்வொரு புதிய அழுத்தத்துக்கும் குறியீட்டின் ஒரு பிட் மாறிக்கொண்டே இருக்கும்; பொத்தானை விட்டு மறுபடி அழுத்தியிருக்கிறார்களா, விடாமல் பிடித்திருக்கிறார்களா என்பதைப் பெட்டி அதை வைத்தே அறிகிறது. கற்கும் ரிமோட் ஒருமுறை பதிந்ததையே திரும்பத் திரும்ப அனுப்புவதால், அடுத்தடுத்து வரும் ஒரே எண்ணைப் பெட்டி ஒரே அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. எல்லாப் பெட்டியிலும் இது நேராது. எங்கள் பெட்டியில் நேர்ந்தது. அதோடு, டிவி, எஸ்டிபி (செட்-டாப் பெட்டி), டிவிடி என்று எந்தச் சாதனத்தை இயக்குவது எனத் தேர்ந்தெடுக்க மேலே இருந்த மோடு பொத்தான்களில் ஒன்றில் விரல் பட்டுவிட்டால் மொத்த ரிமோட்டும் செத்தது போல ஆகிவிடும். பல சாதனங்களை அடுக்கி வைத்து, தானே ரிமோட்டை அமைத்துக்கொள்ளும் ஒருவருக்கு அது ஏற்றதாக இருக்கலாம். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவதாக, பெட்டி நிறுவனத்தின் சேவைப் பிரிவு மூலம் அசல் ரிமோட்டை 350 ரூபாய்க்கு வரவழைத்தேன். வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அதன் அடிப்பகுதியில் கோடு போட்டுப் பிரித்த சிறு கட்டத்துக்குள் டிவிக்கான பவர், ஒலி, ஏவி, செட் ஆகிய பொத்தான்கள் இருந்தன. டியூப் லைட் வெளிச்சத்தில், சன்னல் வெயில் படாத இடத்தில், சாப்பாட்டு மேசைமேல் இரண்டு ரிமோட்டுகளையும் தலைக்குத் தலை நேராக, சுமார் மூன்று விரல் இடைவெளியில் வைத்தேன். செட் பொத்தானைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை பிடித்து, பிறகு பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். விளக்கு மெல்லச் சிமிட்டத் தொடங்கியது. டிவி ரிமோட்டின் பவரை ஒரு நொடி அழுத்திவிட, விளக்கு விரைவாகச் சிமிட்டி மீண்டும் நிலையாக எரிந்தது. மற்ற மூன்றுக்கும் அதையே செய்து, இறுதியில் செட்டை அழுத்தி முடித்தேன். ஒலி குறைக்கும் பொத்தான் முதல் தடவை பதியவில்லை. இரண்டு ரிமோட்டுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர ஒன்றின் அடியில் மடித்த செய்தித்தாள் வைத்த பிறகு பதிந்தது. எந்த நிறுவனத்தின் ரிமோட்டாக இருந்தாலும் முறை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், பொத்தானின் பெயரும் விளக்கின் சைகையும் மட்டும் மாறலாம்.

அன்றிரவு செல்களைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் செல் போட்டு அழுத்தியதும் டிவி எரிந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு அழைக்கும்போது அவர்கள் சொல்லும் பொத்தான் அதே பெயரில், அதே இடத்தில் இருப்பது இதன் இன்னொரு வசதி. அம்மாவே இப்போது பேசித் தீர்த்துக்கொள்கிறார்.

செல் விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே பராமரிப்புதான். பழையதையும் புதியதையும் கலந்து போடக் கூடாது. மாதக்கணக்கில் வீடு பூட்டியிருக்கும் என்றால் செல்லைக் கழற்றிவிட வேண்டும். கசிந்தால் ஸ்பிரிங் துருப்பிடித்துவிடும். ரீசார்ஜ் செய்யும் செல்கள் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்டே தருவதால், சில ரிமோட்டுகளில் தூரம் குறையலாம்.

குரல் பொத்தானுடன் வரும் ஆண்ட்ராய்டு பெட்டிகளின் ப்ளூடூத் ரிமோட்டுகளை இந்த ஒப்பீட்டில் முழுமையாகச் சேர்க்க முடியவில்லை. தங்கை வீட்டில் மூன்று மாதம் பார்த்த அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு. அங்கே புதிய ரிமோட்டைப் பெட்டியோடு ஒருமுறை இணைத்தாக வேண்டியிருந்தது. அதுவரை பவர் போன்ற சில பொத்தான்கள் அகச்சிவப்பு ஒளியால் இயங்கின, குரல் பொத்தான் இயங்கவில்லை. அப்படிப்பட்ட பெட்டி இருப்பவர்கள் ஒத்த ரிமோட் வாங்கும் முன் குரல் பொத்தானையும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

டிவியின் சொந்த ரிமோட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. எந்த ரிமோட் வாங்கினாலும் அதற்குப் பாடம் சொல்லித்தர இருப்பது அது ஒன்றுதான். எங்கள் வீட்டில் அது செல் கழற்றப்பட்டு, பிளாஸ்டிக் உறையில் போடப்பட்டு, பத்திரங்கள் இருக்கும் மர அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. உறைமேல் 'டிவி ரிமோட், எடுக்க வேண்டாம்' என்று அம்மா எழுதி ஒட்டியிருக்கிறார்.