ஆதிச் சபைக்குத் திரும்புவது: யார் எதுவரை போனார்கள்?

"ஆதி அப்போஸ்தலர் காலத்துச் சபையைப் போல" என்ற வாக்கியத்தை ஏதாவது ஒரு கன்வென்ஷன் நோட்டீசில் நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் விரல் வைப்பது அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில்தான்: உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம், அப்புறம் சகலத்தையும் பொதுவில் வைத்து அனுபவித்தது. இதே பக்கத்தைப் படித்தவர்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் மட்டும் வேறு வேறு.

முதலில் சகோதர சபை. 1820களின் கடைசியில் டப்ளினில் தொடங்கியது. பிளைமவுத் ஊரின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. ஞாயிறு காலை உள்ளே போனால் நடுவில் ஒரு மேசை, அதில் ஒரு முழு அப்பம், ஒரு பாத்திரம். பாஸ்டர் என்று ஒருவர் கிடையாது. ஒரு சகோதரர் எழுந்து பாட்டு எண் சொல்வார், இன்னொருவர் வசனம் வாசிப்பார், நடுநடுவே நீண்ட மௌனம். வெளியிலிருந்து வருபவருக்கு, யாரோ தங்கள் முறையை மறந்துவிட்டார்கள் என்றே தோன்றும். ஆண்களில் யாரும் பேசலாம் என்ற வகையில் இது உண்மையிலேயே பவுல் கடிதம் எழுதிய பழைய கொரிந்து சபைக்குப் பக்கம். பெண்கள் விஷயத்தில்தான் இடிக்கிறது. 1 கொரிந்தியர் 11இல் பவுல் சொல்வது, ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண் முக்காடு போட வேண்டும் என்று. இவர்கள் முக்காட்டை எடுத்துக்கொண்டு தீர்க்கதரிசனத்தை விட்டுவிட்டார்கள். கேட்டால், சபையில் பெண்கள் பேசாமல் இருக்கட்டும் என்கிற 14ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள்.

கத்தோலிக்கர்கள் எதிர்த் திசையில் போனார்கள். குருவை விடவில்லை, வழிபாட்டு வாசகத்தைப் பழையதாக்கினார்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டுக்குப் பிறகு திருப்பலி தமிழுக்கு வந்தது, பொது மன்றாட்டு திரும்பி வந்தது. அப்ப ரசத்தின்மேல் குரு சொல்லும் ஜெபங்களில் ஒன்றான இரண்டாம் நற்கருணை மன்றாட்டே, ஆதிச் சபைத் தலைவர் ஹிப்போலிட்டஸ் எழுதியதாகக் கருதப்பட்ட பழைய வாசகத்தை ஒட்டி அமைத்ததுதான். அவர்தான் எழுதினாரா என்று இன்று அறிஞர்கள் சந்தேகிப்பது தனிக் கதை. கி.பி. 155 வாக்கில் ரோமில் ஜஸ்டின் என்ற ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் விவரிக்கும் ஞாயிறு கூட்டத்தின் வரிசை இது: வாசிப்பு, பிரசங்கம், எழுந்து நின்று ஜெபம், அப்பமும் ரசமும், காணிக்கை. திருப்பலிக்குப் போகிறவருக்கு இது அத்துப்படி. ஆனால் தலைவர் "தம்மால் இயன்றவரை" ஜெபிக்கிறார் என்றும் ஜஸ்டின் எழுதுகிறார். அந்த இடத்தில் புத்தகம் இல்லாத சகோதர சபைக்காரர் ஜெயித்துவிடுகிறார்.

அடுத்து, அமெரிக்காவின் கிறிஸ்துவின் சபை. வேதம் பேசும் இடத்தில் பேசுவோம், மௌனமாக இருக்கும் இடத்தில் மௌனமாக இருப்போம் என்று இந்த இயக்கத்தின் முன்னோடி தாமஸ் கேம்பல் 1809இல் சொன்னதுதான் இவர்களுக்கு அளவுகோல். புதிய ஏற்பாட்டுச் சபையில் ஆர்கன் கிடையாது, ஆகவே வெறும் குரல்தான். சரி, பந்தியில் ஒரே பாத்திரமா, ஆளுக்கொரு குட்டிக் கிண்ணமா? ஞாயிறு பள்ளி வேதத்தில் இருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிளவு. எல்லாச் சபைகளையும் ஒன்றாக்கப் புறப்பட்ட இயக்கம், 1906 அமெரிக்க மதக் கணக்கெடுப்பில் இரண்டு தனிச் சபைகளாகப் பதிவானது. ஞானஸ்நானம் என்றால் முழுக்குத்தான் என்பதிலும் கறார். ஆனால் டிடாக்கே என்ற மிகப் பழைய சபைக் கையேடு இவ்வளவு கறார் இல்லை: ஓடுகிற தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது கிடைக்காவிட்டால் வெந்நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று. பாவம், அந்தக் கையெழுத்துப் பிரதி கான்ஸ்டாண்டிநோபிளில் கிடைத்ததே 1873இல்தான்.

பணத்துக்கு வந்தால் களம் காலியாகிவிடுகிறது. சொத்து பொது என்ற வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர்கள் ஹட்டரைட்டுகள். 1528இல் மொராவியாவில் (இன்றைய செக் நாட்டில்), ஊரைவிட்டுப் புறப்பட்ட சுமார் 200 பேர் கொண்ட கூட்டம் வழியில் தரையில் ஒரு மேலங்கியை விரித்தது. அவரவர் கையில் இருந்ததை அதன்மேல் வைத்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் கனடாவிலும் அமெரிக்காவிலும் பொது நிலத்தில் உழுது பொதுச் சாப்பாட்டறையில் சாப்பிடுகிறார்கள். விட்டுப் போகிறவருக்குப் பங்கு கிடையாது. ஆனால் நிலத்தை விற்றுப் பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்த அனனியாவிடம் பேதுரு கேட்டது, விற்குமுன் நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது என்று. எருசலேமில் மனதார நடந்தது இங்கே சட்டமாகிவிட்டது. இருந்தாலும் ஆர்கனைத் தூக்கி வெளியே வைப்பதைவிட இது எவ்வளவு பெரிய காரியம்!

ஊழியருக்கும் டிடாக்கே ஒரு விதி வைத்திருக்கிறது: வருகிற அப்போஸ்தலன் மூன்றாம் நாளும் தங்கினால், அல்லது பணம் கேட்டால், அவன் கள்ளத் தீர்க்கதரிசி. நம் பக்கம் இதற்கு ஓரளவு அருகே வந்தவர் கிறிஸ்தியான்பேட்டை அருளப்பன். சகோதர சபை முன்னோடி அந்தோனி நாரிஸ் குரோவ்ஸின் கூட்டாளியாக இருந்தவர், சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர்.

கடைசியாகச் சாப்பாடு. அந்தப் பழைய அப்பம் பிட்குதல் ஒரு முழுச் சாப்பாடாகவே நடந்தது. கொரிந்தில் ஒருவன் பசியோடும் ஒருவன் வெறியோடும் இருந்தான் என்று பவுல் திட்டுவது அதனால்தான். விரல் நுனி அளவு அப்பத்தில் யாருக்கும் வெறி ஏறாது. நான் பக்த் சிங் என்ற பிரசங்கியாரின் சபைகளுக்கு முதல் மதிப்பெண் கொடுப்பது இங்கேதான். 1941இல் சென்னையில் தொடங்கிய அந்தச் சபைகளில் ஆராதனை முடிந்ததும் அன்பின் விருந்து. பாய் விரித்து, வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒரே சோறு. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில்தான் சாதி முதலில் வெளியே தெரியும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரின் பந்தியிலிருந்து விலகியதும் இதே சிக்கலில்தான், பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்ததும் இதற்காகத்தான்.

என்னைக் கேட்டால் முதலில் அந்தப் பாயை விரியுங்கள். ஆர்கன் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.