வேப்பமரத்தடி மனு எழுத்தர்: நூறு ரூபாய்க்குக் கிடைத்தது

எங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, மக்கள் குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமைகளில், மடியில் அட்டையுடன் மனு எழுத்தர்கள் சிலர் அமர்ந்திருப்பார்கள். அவர்களுள் மூத்தவரிடம் நான் இரண்டு மனுக்கள் எழுதி வாங்கினேன்.

தந்தை மறைந்தபின் பட்டா பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து ஏழு மாதங்களாகியும் எதுவும் நகராததால், நானே மூன்று பக்க மனு ஒன்றை எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். அந்த நிலத்தை வாங்க அப்பா பட்ட பாடு, நாங்கள் அலைந்த அலைச்சல், அலுவலகத்தில் கேட்ட ஏளனப் பேச்சு எல்லாம் அதில் இருந்தன. பொறுமையாகப் படித்து முடித்த பெரியவர், "புல எண் எங்கே தம்பி?" என்றார். மூன்று பக்கத்திலும் அது இல்லை.

நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கையில் ஒரு மனு ஆட்சியரின் கையில் அரை நிமிடம் இருந்தாலே அதிகம் என்றும், அதற்குள் அதை எந்த வட்டாட்சியருக்கு அனுப்புவது என்பது அவருக்கு விளங்க வேண்டும் என்றும் சொல்லி, கிராமம், புல எண், உட்பிரிவு, விண்ணப்ப எண் ஆகியவற்றைப் 'பொருள்', 'பார்வை' வரிகளிலேயே வைத்துவிட்டார். அப்பா பட்ட பாடு "என் தந்தை காலமானார்" என்று சுருங்கியதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6(1) பிரிவின்கீழ் எழுதிய இரண்டாவது மனுவில்தான் அவருடைய கைத்திறன் தெரிந்தது. "ஏன் தாமதம்?" என்று நான் கேட்டிருந்ததை அடித்துவிட்டு, என் விண்ணப்பம் எந்தெந்த நாளில் யார் மேசையில் இருந்தது என்பதைக் காட்டும் கோப்புக் குறிப்புகளின் நகல்களைக் கேட்டார். அலுவலகப் பதிவில் உள்ளதைத்தான் பொதுத் தகவல் அலுவலர் தர முடியும். காரணம் கேட்டால் அதையே சாக்காக்கி மனுவைத் திருப்பிவிடுவார்கள்.

குறையும் உண்டு. உரிமையாகக் கேட்கும் அந்த மனுவிலும் "கருணை கூர்ந்து" என்று எழுதியிருந்தார். நீக்கச் சொன்னபோது, "வாங்கிப் படிக்கிறவரும் மனுஷர்தானே" என்று சிரித்தார். எனக்கு உடன்பாடில்லை, அடித்துவிட்டேன்.

மனு ஒன்றுக்கு நூறு ரூபாய். தகவல் உரிமை மனுவுக்கு ஒட்டும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை தனி. நகல் எடுத்துத் தரமாட்டார். ஒன்பது மணிக்குமுன் போனால் நிதானமாகக் கேட்டு எழுதுவார். அதற்குப் பிறகு கூட்டம் சேர்ந்துவிடும்.