உப்பும் சாஸுமா, உப்பும் வினிகருமா?

ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோ போக விரைவு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மீன் வறுவல் கடை வாசலில் நின்றால் இரண்டும் வேறு வேறு நாடு.

எடின்பரோவில் பொட்டலம் கட்டுமுன் "சால்ட் அண்ட் சாஸ்?" என்பார்கள். தக்காளி சாஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பிரவுன் சாஸ் என்ற பழுப்பு நிறச் சாஸில் வினிகரோ தண்ணீரோ விட்டு, ரசம்போல நீர்க்கக் கலக்கி பாட்டிலில் வைத்திருப்பார்கள். அதைத் தாராளமாகத் தெளிக்க, மேலாக உள்ள சிப்ஸ் (நீளமாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு) ஊறிக் குழைந்து, புளிப்பும் இனிப்புமாக நாக்கில் நிற்கும். கிளாஸ்கோவில் கேள்வியே "சால்ட் அண்ட் வினிகர்?" என்றுதான். மூக்கில் ஏறும் நெடி, அவ்வளவுதான். மொறுமொறுப்பு போனாலும் பரவாயில்லை, என் கட்சி சாஸ்தான்.

"சப்பர்" மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. ராத்திரிச் சாப்பாடு என்ற பொருளே இங்கே கிடையாது. கூடவே சிப்ஸ் உண்டு என்று அர்த்தம். பகல் 12 மணிக்கு வாங்கினாலும் ஃபிஷ் சப்பர்தான். மீன் மட்டும் போதும் என்றால் "சிங்கிள் ஃபிஷ்".

குடிக்க? கிளாஸ்கோ பெரிசுகளுக்கு எந்தக் கலர் சோடாவும் "ஜிஞ்சர்". இஞ்சி துளிகூட இருக்க வேண்டியதில்லை. அயர்ன் புரூ என்ற ஸ்காட்லாந்து சோடாவும் ஜிஞ்சரே. எடின்பரோவில் அதே பாட்டில் "ஜூஸ்". நிஜமான ஆரஞ்சுச் சாறு வேண்டுமா? "ஃப்ரெஷ் ஆரஞ்சு" என்று கேளுங்கள்.